மூடிய சுரங்கம், நிற்காத அமில நீர்: சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி இது: "மேகாலயாவின் ஜைந்தியா மலைப் பகுதியில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் ஓடும் ஓடைகள் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. மீன் இல்லை. சுண்ணாம்பைக் கொட்டினால் தண்ணீர் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? தோண்டுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகியும் இது ஏன் நிற்கவில்லை? மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?"

சுண்ணாம்பு வேலை செய்யும், அதில் சந்தேகம் வேண்டாம். சுரங்க அமில நீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்களில் பெரும்பாலானவை சுண்ணாம்பை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் கேட்க வேண்டியது வேறு நான்கு: எவ்வளவு சுண்ணாம்பு, அதில் உண்டாகும் கசடை எங்கே கொட்டுவது, எத்தனை வருஷத்துக்கு, யார் காசில்? இவற்றுக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ஓடையில் கொட்டும் சுண்ணாம்பு, ஒரு மழைக்காலம் தாண்டினால் அடையாளம் தெரியாமல் போய்விடும். நான் நீர்வேதியியல் பக்கம் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்கலாம். நிலக்கரியோடும், செம்பு, துத்தநாகம், ஈயம், தங்கம் போன்றவற்றின் தாதுக்களோடும் பைரைட் என்ற கனிமம் பல இடங்களில் கலந்து கிடக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது அது. காற்றுப் படாமல் மண்ணுக்கு அடியில் இருக்கும்வரை கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். தோண்டி, உடைத்து வெளியே போட்டதும் காற்றும் ஈரமும் சேர்ந்து அதை அரிக்க ஆரம்பிக்கின்றன. கந்தகம் கந்தக அமிலமாகிறது. இரும்பு கரைந்து தண்ணீரில் இறங்குகிறது.

இதுவரை நடப்பது மெதுவான வேலைதான். கரைந்த இரும்பு ஃபெர்ரஸ் நிலையிலிருந்து, ஆக்சிஜனேற்றம் கூடிய ஃபெரிக் நிலைக்கு மாறும்போது வேகம் பிடிக்கிறது. ஃபெரிக் இரும்பு ஆக்சிஜனின் துணை இல்லாமலே பைரைட்டைத் தாக்கும். அதில் வரும் அமிலமும் அதிகம். வெறும் வேதியியலாக இருந்தால், அமில நீரில் இந்த மாற்றம் நடக்க வருஷக்கணக்காகும். ஆனால் அமிலத்திலேயே வாழ்ந்து, இரும்பை ஆக்சிஜனேற்றி அந்த ஆற்றலில் பிழைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை இந்த மாற்றத்தைப் பத்து லட்சம் மடங்கு வரை விரைவாக்குகின்றன என்று சிங்கர், ஸ்டம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970-ல் காட்டினார்கள். அமிலம் கூடினால் பாக்டீரியா பெருகும், பாக்டீரியா பெருகினால் அமிலம் கூடும். இந்தச் சுழற்சி ஒரு தடவை பிடித்துக்கொண்டால், காற்றும் நீரும் போய்ச் சேருகிற இடத்தில் பைரைட் இருக்கும்வரை தானாக நிற்காது. தோண்டும் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்களா இல்லையா என்பது பாறைக்குத் தெரியாது.

அமிலம் வழியிலுள்ள பாறையிலிருந்து அலுமினியம், மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, காட்மியம், சில இடங்களில் ஆர்சனிக் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். மீனைக் கொல்வதில் அமிலத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த உலோகங்களுக்கும் உண்டு. நீங்கள் பார்க்கும் ஆரஞ்சு நிறம், கரைந்த இரும்பு காற்றுப்பட்டு இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிவது. கல்லைத் தொட்டால் வழவழவென்று கையில் ஒட்டும். அந்தப் படிவு கற்களின் இடுக்குகளை அடைத்துவிடுவதால் அங்கே வாழும் பூச்சிகள் சாகின்றன, அவற்றைத் தின்னும் மீனுக்கும் வழியில்லை.

நிறத்தை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். மிகவும் அமிலமான தண்ணீர் பல நேரம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இரும்பு முழுக்கக் கரைந்தே கிடக்கும், பாசி வளராது, களிமண் துகள்கள்கூடத் திரண்டு அடியில் இறங்கிவிடும். அமில ஓடை நல்ல ஓடையோடு கலக்கும் இடத்தில் கற்கள் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது பெரும்பாலும் அலுமினியம். மீனின் செவுளுக்கு மிக மோசமானது. தேங்கிய நீரின் மேல் எண்ணெய் மாதிரிப் பளபளக்கும் படலம் இருந்தால் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் வேலை. சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

அடுத்தது, மூடிய பிறகும் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்தில் பம்பு வைத்து நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காலம் முழுவதும் சுவர்களும் விரிசல்களும் காற்றில் காய்ந்து, அமில உப்புகள் அவற்றின் மேல் பூத்துக் கிடக்கும். சுரங்கத்தை மூடி பம்பை நிறுத்தியதும் நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு ஏறும். ஏறும்போது அந்த உப்புகளை மொத்தமாகக் கரைத்துக்கொள்ளும். அதனால் மூடியதற்குப் பிந்தைய முதல் சில வருஷங்களில் வரும் நீர்தான் பல இடங்களில் மிக மோசமாக இருக்கிறது.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கத்தில் இதுதான் நடந்தது. 1991-ல் சுரங்கம் மூடப்பட்டு, பம்புகள் நிறுத்தப்பட்டன. நீர் ஏறிக்கொண்டே வந்தது. 1992 ஜனவரியில் ஒரு பழைய வடிகால் சுரங்கவழியின் அடைப்பு பிய்த்துக்கொண்டு, சுமார் 5 கோடி லிட்டர் அமில நீர் காட்மியம், துத்தநாகம், இரும்பு சகிதம் கார்னன் ஆற்றில் இறங்கியது. ஆறும் அது போய்ச் சேரும் கழிமுகமும் ஆரஞ்சாயின. அவசரத்துக்குச் சுண்ணாம்பு கலந்து, சுரங்கத்தின் பழைய கழிவுச்சேற்று அணைக்குத் தண்ணீரைத் திருப்பிச் சமாளித்தார்கள். நிரந்தர நிலையம் ஓட ஆரம்பித்தது 2000-ல். செலவு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது, ஏனென்றால் அன்றைய சட்டத்தில் கைவிட்ட சுரங்கத்தின் நீருக்குச் சுரங்கக்காரர் பொறுப்பில்லை. தண்ணீர் ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம் என்பதுதான் இதில் எனக்கு வருத்தம். பம்பை நிறுத்துவதற்கு முன்பே அந்த நிலையம் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஜைந்தியா மலையின் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே இருப்பது ஒரு பெரிய சுரங்கம் அல்ல. எலிவளைச் சுரங்கம் என்று சொல்லப்படும் சிறு குழிகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. நிலக்கரியோ கந்தகம் அதிகமுள்ள வகை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் இந்த முறைக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகும் திருட்டுத்தனமாகத் தோண்டினார்கள். 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் ஆற்றுநீர் உள்ளே புகுந்து 15 பேர் சிக்கிக்கொண்டது அப்படி ஒரு குழியில்தான். லூகா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாகிறது. கீழே அசாம் எல்லையில் கோபிலி நீர்மின் நிலையத்தின் எந்திரங்களை அமில நீர் அரித்துத் தின்றிருக்கிறது. அமில நீர் வெளியே வரும் வாய் ஒன்றே ஒன்று இருந்தால் அங்கே ஒரு நிலையம் கட்டலாம். நூறு வாய் இருந்தால் எங்கே கட்டுவது? பொதுவான ஆலோசனைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

சரி, எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும்? பலரும் பி.எச். அளந்துவிட்டு அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். அது போதாது. பி.எச். (7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) என்பது இந்த நொடியில் தண்ணீரில் தெரியும் அமிலம் மட்டும். கரைந்திருக்கும் ஃபெர்ரஸ் இரும்பு காற்றுப்பட்டுப் படியும்போது புதிதாக அமிலத்தை உண்டாக்கும். சுரங்க வாயில் பி.எச். 6 காட்டும் தெளிந்த நீர், ஒரு கிலோமீட்டர் ஓடியபின் 3.5-க்கு இறங்கியிருப்பது சாதாரணமாக நடப்பது. ஒளிந்திருக்கும் இந்த அமிலத்தையும் சேர்த்துச் சொல்வது மொத்த அமிலத்தன்மை. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்ற அலகில் ஆய்வகம் எழுதித் தரும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபெர்ரஸ் இரும்பு இருந்தாலே அது சுமார் 180 மில்லிகிராம் அமிலத்தன்மைக்குச் சமம். அதனால் சோதனைக்குக் கொடுக்கும்போது பி.எச்.சோடு மொத்த அமிலத்தன்மை, காரத்தன்மை, இரும்பு (ஃபெர்ரஸ் தனியாக), அலுமினியம், மாங்கனீசு, சல்பேட் எல்லாம் கேட்டு வாங்குங்கள். அப்புறம் மிக முக்கியமானது, நீரின் ஓட்டம். ஓட்டம் தெரியாத சோதனை முடிவு, எடை தெரியாத விலைப்பட்டியல் மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாயிலிருந்து நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் வருகிறது, மொத்த அமிலத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், இரும்பு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோ கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான அமிலம் தினமும் வருகிறது. சுத்தமான நீற்றிய சுண்ணாம்பாகப் போட்டால் 370 கிலோ. கடையில் கிடைக்கும் சுண்ணாம்பின் தூய்மையையும் கரையாமல் போவதையும் சேர்த்தால் அரை டன் வந்துவிடும். தினமும் அரை டன், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இது ஒரு சின்ன வாயின் கணக்கு.

இதை நிலையத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குவளை போதும். அமில நீரை எடுத்து, சுண்ணாம்புப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று அழுக்குப் பச்சை நிறத்தில் மென்மையான திரள்கள் எழும்பும். அது ஃபெர்ரஸ் ஹைட்ராக்சைடு. விடாமல் கலக்கிக் காற்றுப்பட விட்டால், மேலிருந்து கீழாகப் பச்சை மங்கி, செம்பழுப்பு ஏறும். இரும்பு ஃபெரிக்காக மாறுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பி.எச். மறுபடி கொஞ்சம் இறங்கும். நான் சொன்ன ஒளிந்திருந்த அமிலம் அதுதான். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு விட்டு நிறுத்தினால், அரை மணி நேரத்தில் மேலே தெளிந்த நீர், கீழே பழுப்புக் கசடு. குவளையின் பாதி வரைக்கும்கூடக் கசடு நிற்பதைப் பார்க்கலாம். இதைச் செய்பவர்கள் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

எந்த உலோகம் எந்த பி.எச்.சில் படியும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஃபெரிக் இரும்பு 3.5-க்கு மேலேயே விழுந்துவிடும், அலுமினியம் 5-ஐத் தாண்டினால் போதும். துத்தநாகத்துக்கு 9 பக்கம் போக வேண்டும், மாங்கனீசுக்கு அதற்கும் மேலே. ஆனால் 9-ஐத் தாண்டினால் படிந்த அலுமினியம் மறுபடி கரைய ஆரம்பிக்கும். ஆகவே பல உலோகங்கள் இருக்கும் நீருக்கு இரண்டு கட்டமாகச் செய்து, கடைசியில் பி.எச்.சை இறக்கித்தான் வெளியே விட வேண்டும். கைக்கு வந்தபடி சுண்ணாம்பை அள்ளிப் போட்டு ஓடையை 11-க்கு ஏற்றினால் மீன் அதிலும் சாகும்.

நிலையத்தின் பெரிய தலைவலி கசடுதான். மேலே சொன்ன கணக்கில் 200 கிலோ இரும்பு தினமும் வருகிறது. அது ஹைட்ராக்சைடாகும்போது உலர்ந்த எடையில் சுமார் 380 கிலோ. குவளையில் படிந்த அந்தப் பஞ்சு போன்ற கசடில் திடப்பொருள் 2 சதவீதம் என்றால், அள்ள வேண்டியது நாளுக்கு 19 டன் ஈரக் கசடு! இதற்கு ஒரு கெட்டிக்கார வழி இருக்கிறது. படிந்த கசடில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்து, புதுச் சுண்ணாம்போடு கலந்து, அந்தக் கலவையை அமில நீரில் விடுவார்கள். புதிதாகப் படியும் இரும்பு பழைய துகள்களின் மேலேயே வளரும், துகள் கனமாகும். திடப்பொருள் 25 சதவீதம் வரை கூடும். அதே நீருக்கு 19 டன் என்பது ஒன்றரை டன்னாகக் குறைகிறது. அடர்கசடு முறை என்று இதைச் சொல்லலாம். வீல் ஜேனிலும் இதுதான், அமெரிக்காவில் நான் பின்னால் சொல்லப்போகும் இரண்டு இடங்களிலும் இதுதான். கூடுதலாக வேண்டியது ஒரு பம்பும் ஒரு கலக்கும் தொட்டியும். இந்தியாவில் புதிதாக யாராவது சுண்ணாம்பு நிலையத்துக்கு டெண்டர் விட்டால் முதலில் பார்க்க வேண்டியது, இந்தத் திருப்பிவிடும் குழாய் வரைபடத்தில் இருக்கிறதா என்பதைத்தான்.

சுண்ணாம்பால் முடியாத ஒன்று சல்பேட். கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், தண்ணீரில் ஓரளவு கரையும் என்பதால் சுண்ணாம்பு போட்ட பிறகும் லிட்டருக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் சல்பேட் நிற்கும். இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி குடிநீரில் 200, வேறு வழியில்லாவிட்டால் 400. சுண்ணாம்பு போட்ட நீர் தெளிவாக இருக்கிறதே, குடிக்கலாமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைக் குடிநீராக்க ஆர்.ஓ. சவ்வுகள் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் எமலாஹ்லேனியில் 2007 முதல் அப்படிச் செய்கிறார்கள்: நிலக்கரிச் சுரங்கங்களின் நீரைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கி, ஆர்.ஓ.வில் விட்டு, தண்ணீர்ப் பஞ்சமுள்ள அந்த நகராட்சிக்குக் குடிநீராகக் கொடுக்கிறார்கள். விழும் ஜிப்சத்தில் கட்டுமானப் பொருள் செய்து பார்த்து வீடும் கட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. ஆனால் அங்கே பக்கத்தில் சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன, செலவைத் தாங்க நிறுவனம் இருந்தது, வாங்கிக்கொள்ள நகரம் இருந்தது. இந்த மூன்றும் ஜைந்தியாவில் இல்லை.

அப்படியானால் மின்சாரமும் ஆளும் இல்லாத மலைக்காட்டில் என்ன செய்வது? இதற்குத்தான் தானியங்கு முறைகள் வந்தன. தண்ணீர் தன் சரிவிலேயே ஓடி, சுண்ணாம்புக்கல்லையும் சதுப்பையும் தாண்டி சுத்தமாகிப் போகும். ஜைந்தியாவில் சுண்ணாம்புக்கல் ஏராளம். அதை நம்பித்தான் அங்கே சிமென்ட் ஆலைகள் வந்தன. மருந்து மலையிலேயே இருக்கிறது. ஆனால் வெறும் கல்லைக் குவித்து அதன்மேல் இரும்பு நீரை விட்டால், கல்லின்மேல் இரும்பு படிந்து ஓடு மாதிரி மூடிக்கொள்ளும். உள்ளே கல் அப்படியே இருக்கும், கரையாது. இதைத் தவிர்க்க, சுரங்க வாயிலிருந்து வரும் நீரைக் காற்றுப்படாமல் புதைத்த சுண்ணாம்புக்கல் வாய்க்காலில் 14, 15 மணி நேரம் தங்கவிட்டு, பிறகு வெளியே கொண்டுவந்து இரும்பைப் படியவிடுவார்கள். ஃபெரிக் இரும்போ அலுமினியமோ ஆக்சிஜனோ கணிசமாக இருந்தால் இந்த வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். அப்போது மேலே மக்கிய சாணி, மரத்தூள் போன்ற உரப்படுகை, கீழே சுண்ணாம்புக்கல் என்று அமைத்து நீரை மேலிருந்து கீழே இறக்க வேண்டும். உரப்படுகை ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதில் வளரும் பாக்டீரியா சல்பேட்டைக் குறைத்து, துத்தநாகம், காட்மியம் போன்றவற்றைக் கந்தகச் சேர்மமாகப் பிடித்து வைக்கும். கனடாவின் சட்பரி அருகே நிக்கல் ரிம் என்ற இடத்தில் 1995-ல் இதே தத்துவத்தில், நிலத்தடி நீர் ஓடும் பாதையில் குறுக்கே ஒரு சுவர் மாதிரி உரப்படுகையைப் புதைத்தார்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். காரம் சேர்ந்த நீரிலிருந்து ஒரு சதுப்புக்குளம் ஒரு சதுர மீட்டருக்கு நாளில் 10 முதல் 20 கிராம் இரும்பை எடுக்கும். நம்முடைய 200 கிலோவுக்கு இரண்டரை முதல் ஐந்து ஏக்கர் ஆகும். சரிவான மலையில் அந்த அளவு சமநிலம் கிடைப்பது கஷ்டம். தானியங்கு என்ற பெயரைக் கேட்டு ஏமாறவும் கூடாது: குளத்தை அவ்வப்போது தூர்வார வேண்டும், அடைத்த கல்லை எடுத்து மாற்ற வேண்டும், சில வருஷங்களில் உரப்படுகை தீர்ந்துவிடும். பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவருக்குச் சம்பளம் போடாமல் கட்டிய பல அமைப்புகள் வீணாகக் கிடக்கின்றன. மேகாலயா மழை ஒரே நாளில் ஓட்டத்தைப் பல மடங்கு உயர்த்தும் என்பதையும் வடிவமைப்பில் சேர்க்க வேண்டும்.

ஓடையில் நேரடியாகச் சுண்ணாம்புக்கல் மணல் கொட்டுவது பலித்த இடங்களும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் அமில மழையால் புளித்த மலையோடைகளில் இப்படிச் செய்து மீன் திரும்பியிருக்கிறது. அங்கே இரும்பும் அலுமினியமும் குறைவு, அதனால் பலித்தது. ஆரஞ்சு ஓடையில் அதையே செய்தால் ஓடையின் படுகையே கசடுக் குளமாகிவிடும்.

எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. மொன்டானாவின் பியூட் நகரில் பெர்க்லி பிட் என்ற செம்புச் சுரங்கக் குழி 1955-ல் ஆரம்பித்து 1982-ல் மூடப்பட்டது. அதே வருஷம் பம்புகள் நின்றன, குழி அமில ஏரியாக நிறையத் தொடங்கியது. 1995 நவம்பரில் அதில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்துக் கிடந்தன. 2016-ல் மறுபடி ஆயிரக்கணக்கில் செத்தன. நீர்மட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் நகரத்தின் நிலத்தடி நீருக்குள் கசிந்துவிடும் என்பதால் 2003-ல் சுண்ணாம்பு நிலையம் வந்தது, 2019 முதல் குழி நீரையும் இறைத்துச் சுத்திகரித்து ஓடையில் விடுகிறார்கள். அது நிற்கப்போகும் தேதி என்று ஒன்று கிடையாது. அந்த நீரில் செம்பு இருப்பதால் பழைய இரும்பின் மேல் ஓடவிட்டுச் செம்பைப் படியவைத்து எடுத்தும் வந்தார்கள். சுத்திகரிப்புச் செலவுக்கு அது ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான்.

இரண்டாவது, கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன். அதன் உள்ளே எடுத்த நீரில் பி.எச். −3.6 அளந்திருக்கிறார்கள், பூஜ்யத்துக்கும் கீழே. சுரங்கவேலை 1963-லேயே நின்றுவிட்டது. சேக்ரமென்டோ ஆற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்த பின், 1994 முதல் நிலையம் ஓடுகிறது. மலைக்குள் இருக்கும் பைரைட்டைக் கணக்குப் போட்டால் அமிலம் சுமார் 3,000 ஆண்டுகள் வரும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. 2000-ல் செய்த உடன்பாட்டில், பொறுப்பேற்ற நிறுவனத்தின் சார்பில் அடுத்த 30 ஆண்டு நிலையத்தை நடத்தவும், 2030-ல் 51.4 கோடி டாலரை அரசிடம் ஒப்படைக்கவும் காப்பீட்டு ஏற்பாடு செய்தார்கள். நூறு வருஷம் தோண்டியதற்கு மூவாயிரம் வருஷம் காவல். சுரங்கம் லாபமா நஷ்டமா என்று பேசும் யாரும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எல்லாச் சுரங்க நீரும் அமிலம் இல்லை, அதனால் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு இல்லை. ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் குரோமைட் வெட்டுகிறார்கள். அங்கே பிரச்சினை ஆறிணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நீரில் கரையும் நச்சு வடிவம். அது பி.எச்.சை ஏற்றினால் படியாது. ஃபெர்ரஸ் சல்பேட் போட்டு மூவிணைதிறன் குரோமியமாக மாற்றிய பிறகுதான் விழும். தங்கச் சுரங்கத்தில் பிரச்சினை, தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் சயனைடு. சயனைடு நீரைக் காரமாக வைத்திருக்க வேண்டும். அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகக் கிளம்பி ஆளைக் கொல்லும். 2000 ஜனவரியில் ருமேனியாவின் பையா மாரேயில் கழிவணை உடைந்து சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆற்றில் இறங்கி, ஹங்கேரியின் டிசா ஆறு வரை மீன்களைக் கொன்றது. நம் ஆட்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடிய பிறகும் ஊர் நடுவே சயனைடு மேடுகள் நிற்கின்றன. சயனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும். பொடியாக அரைத்த பாறையும் அதிலுள்ள உலோகங்களும் சிதையாது, காற்றடித்தால் வீட்டுக்குள் வரும், மழை பெய்தால் வாய்க்காலுக்குப் போகும். நெய்வேலியைப் பற்றியும் யாராவது கேட்கக்கூடும். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். ஆகவே அங்கே எழும் முதல் கேள்வி நிலத்தடி நீர்மட்டம் பற்றியது.

தடுப்பதற்கு வழி இருக்கிறதா என்றால், தோண்டும் முன்பு நிறைய இருக்கிறது, பிறகு கொஞ்சம்தான். ஒரு டன் பாறையில் பைரைட் கந்தகம் 1 சதவீதம் இருந்தால், அது தரும் அமிலத்தை ஈடுகட்ட 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் அதே பாறையில் இருக்க வேண்டும். துளையிட்டு எடுத்த மாதிரிகளில் இந்த வரவு செலவைப் போட்டுப் பார்த்தால், எந்த அடுக்கு அமிலம் தரும், எது தராது என்று முன்பே தெரியும். அமிலம் தரும் பாறையைத் தனியாகப் பிரித்து, சுண்ணாம்புப் பாறையோடு கலந்தோ, நீருக்கு அடியில் நிரந்தரமாக மூழ்கவைத்தோ வைக்கலாம். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும் என்பதால் மூழ்கிய பைரைட் ஏறக்குறைய தூங்கிவிடும். தோண்டி முடித்த இடத்தில் செய்யக்கூடியதில் மிக மலிவானது, நல்ல மழைநீர் குழிக்குள் இறங்காமல் மேலேயே வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுவது. சுத்திகரிக்க வேண்டிய நீரே குறைந்துவிடும். ஜைந்தியாவில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: குழிகளைச் சுற்றி வரப்பும் வாய்க்காலும், பக்கத்தில் குவிந்து கிடக்கும் கரித்தூளையும் கழிவுப் பாறையையும் அப்புறப்படுத்தி மூடுவது. அதற்குப் பிறகும் நிற்காமல் வரும் வாய்களில் பெரிய பத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் சுத்திகரிப்பு. நூறையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஒன்றும் நடக்காது.

உங்கள் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்து ஓட்டத்தை அளந்து எழுதுங்கள், குளிர்கால வறட்சியில் ஒரு தடவை, நல்ல மழைக்காலத்தில் ஒரு தடவை. மாதிரி எடுக்கும்போது உலோகங்களுக்கான புட்டியில் வடிகட்டிய நீரோடு ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலத் துளிகளைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு புட்டியின் சுவரிலேயே படிந்து, அறிக்கையில் குறைவாக வரும். அமிலத்தன்மைக்கான புட்டியில் எதுவும் சேர்க்காமல், காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பிக் குளிரவைத்து அதே நாளில் அனுப்புங்கள். புதிதாக ஏதாவது சுரங்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் பாறைக்கான அந்த அமில வரவு செலவுச் சோதனை இருக்கிறதா, மூடிய பின் நீரைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு பணம் யாருடைய பெயரில் முடக்கப்படுகிறது என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

குடிநீருக்கு இந்த ஓடையையோ அதை ஒட்டிய கிணற்றையோ நம்ப வேண்டாம். கொதிக்கவைத்தால் உலோகம் போகாது, ஆவியானது போக மிச்சத்தில் இன்னும் கூடும். சாதாரண கேண்டில் (பீங்கான்) வடிகட்டியும் கரைந்ததை நிறுத்தாது. அவ்வளவு மழை பெய்யும் ஊரில் கூரை நீர்தான் இப்போதைக்குக் கைகொடுக்கும்: முதல் மழையைக் கழுவவிட்டு, அடுத்ததை மூடிய தொட்டியில் பிடித்து, கிருமிக்காக மட்டும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். தகரக் கூரையில் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பகுதியின் நீரைப் பிடிக்காதீர்கள்.